கிரியாட்டினின் 240 இருந்தால் ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸையே குறைக்கலாமா?

மிசி_சுங்கைசிப்புட்
வணக்கம். செம்பனைத் தோட்டத்து ஆள், 70 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. காய்ச்சல், பிரஷர் 80/45, மூச்சு வாங்குகிறது, கிரியாட்டினின் (கிட்னி வடிக்க வேண்டிய கழிவு) 240 மைக்ரோமோல், அதாவது மிக அதிகம். மெலியோய்டோசிஸ் (மண்ணிலிருந்து தொற்றும் கிருமி நோய்) சந்தேகத்தில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியாகிவிட்டது, ஈப்போவுக்கு ஏற்ற ஆம்புலன்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு "கிட்னி போச்சு, பாதி போதும்" என்பவர்களும் உண்டு, "முழுசா போடு" என்பவர்களும் உண்டு. எது சரி, ஏன்? இன்னொன்று: 3 மணி நேரம் ஓடவிடும்போது பை தீர்ந்த பிறகு டியூபில் நிற்கிற மருந்தை என்ன செய்வது?

மருந்தாளர்_ஈப்போ
முழு டோஸ்தான் மிசி. 1 கிராம், ஆள் வண்டி ஏறுவதற்கு முன்பே. பிளட் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்க ரத்தம்) எடுத்துவிட்டுப் போடுங்கள், ஆனால் நரம்பு கிடைக்காமல் கல்ச்சர் இழுத்தடித்தால் அதற்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

முதல் டோஸைத் தீர்மானிப்பது கிட்னி இல்லை, மருந்து பரவ வேண்டிய நீரின் அளவு. செப்சிஸில் (கிருமித் தொற்று உடம்பையே பாதிக்கும் நிலை) நுண்குழாய்கள் கசிந்து ரத்தத்து நீர் திசுவுக்குள் இறங்கிவிடும். போதாததற்கு நாமும் கிலோவுக்கு 30 மில்லி டிரிப் ஏற்றுகிறோம், இவருக்கு 2 லிட்டருக்கு மேல். மெரோபெனம், செஃப்டாசிடிம், ஜென்டாமைசின், வான்கோமைசின் எல்லாம் நீரோடு போகிற மருந்துகள். அவ்வளவு நீரிலும் கலந்து ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். பாதி டோஸ் போட்டால், கிருமி அதிகமாக இருக்கும் நேரத்தில் மருந்து குறைவாக இருக்கும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் திசுக்குள் தாமாகவே போய்ப் பரவுகிறவை, அவற்றை இந்தக் கசிவு அவ்வளவாகப் பாதிக்காது.

கிட்னி கணக்குக்கு வருவது இரண்டாவது டோஸிலிருந்துதான். அதையும் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. பிரஷர் ஏறியதும் ஒன்றிரண்டு நாளில் கிட்னி தேறிவிடுகிற நோயாளிகள் நிறைய. மெரோபெனம் கொஞ்சம் கூடினால் பெரிய கெடுதல் இல்லை. ஜென்டாமைசினுக்கு அந்தச் சலுகை கிடையாது: முதல் டோஸ் எடைக்கு ஏற்ப முழுசாக, அடுத்தது ரத்த அளவு பார்த்த பிறகுதான்.

ஐசியு_டாக்டர்
அண்ணன் சொன்னதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். மோட்டார் விபத்து, தீக்காயம் என்று வரும் இளைஞர்களுக்குக் கிட்னி வழக்கத்தைவிட வேகமாக வடிக்கும். கிரியாட்டினின் 50 என்று பார்த்து 'நார்மல்' என்று விட்டுவிடுவோம், மருந்தோ அடுத்த டோஸுக்கு வெகு முன்பே வெளியேறியிருக்கும். ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஜிஎஃப்ஆரை (கிட்னி வடிக்கும் வேகத்தின் கணிப்பு) இங்கே நம்பாதீர்கள். 8 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்து பாருங்கள்.

உதாரணம்: 1,200 மில்லி சிறுநீர், அதில் கிரியாட்டினின் 4,000, ரத்தத்தில் 50. 4,000 x 1,200, அதை 50 x 480 நிமிடத்தால் வகுத்தால் கிட்னி வடிக்கும் வேகம் நிமிடத்துக்கு 200 மில்லி. 130க்கு மேல் போனாலே வழக்கமான டோஸ் போதாமல் போகலாம். படுத்த படுக்கையான முதியவருக்குத் தசை கரைந்து அதே 50 வரும், அவருக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அல்புமினையும் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பாருங்கள். செஃப்ட்ரியாக்சோன் பெரும்பகுதி அல்புமினைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அது குறைந்தால் மருந்து விடுபட்டுத் திசுவுக்கும் சிறுநீருக்கும் சீக்கிரம் போய்விடும்.

பார்மசி_தாப்பா
டியூப் கேள்விக்கு வருகிறேன், இதில் மருந்து வீணாவது யார் கண்ணிலும் படுவதில்லை. சாதாரண டிரிப் செட்டில் சுமார் 20 மில்லி நிற்கும். 1 கிராமை 50 மில்லியில் கலந்து, பை காலியானதும் செட்டைக் கழற்றி எறிந்தால் 400 மில்லிகிராம் குப்பைக்குப் போகிறது! பை தீர்ந்ததும் 25 மில்லி நார்மல் சலைனை அதே வேகத்தில் ஓடவிடுங்கள். சிரிஞ்ச் பம்பும் மெல்லிய டியூபும் இருந்தால் நிற்பது ஓரிரு மில்லிதான்.

முதல் டோஸை 3 மணி நேரம் ஓட்டாதீர்கள். அளவு மெதுவாகத்தான் ஏறும். 5 நிமிடத்தில் நரம்பில் தள்ளிவிட்டு, அடுத்த டோஸிலிருந்து நீட்டுங்கள். நம் வெயிலுக்கு மெரோபெனத்தை ஒரு நாளுக்கும் சேர்த்துக் கலந்து வைக்கவும் கூடாது, சிதைந்துவிடும்.

நீட்டி ஓட்டுவதால் பலன் உண்டா என்றால், 2016இல் வெளிவந்த பிளிஸ் ஆய்வு நம் நாட்டு ஐசியு இரண்டில், 140 பேரிடம் நடந்தது. தொடர்ந்து ஓட்டியவர்களில் 56% குணம், விட்டுவிட்டுப் போட்டவர்களில் 34%. 2024இல் பிளிங் 3, சுமார் 7,000 பேர், மலேசியாவும் அதில் சேர்த்தி: 90 நாளில் இறந்தவர்கள் தொடர்ந்து ஓட்டிய பக்கம் 24.9%, விட்டுவிட்டுப் போட்ட பக்கம் 26.8%. புள்ளிவிவரப்படி அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனாலும் பம்ப் இருக்கிற வார்டில் நான் நீட்டத்தான் சொல்வேன்.

மிசி_சுங்கைசிப்புட்
ரொம்ப நன்றி அண்ணே, டாக்டர். ஈப்போவுக்குப் போகும் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

மருந்தாளர்_ஈப்போ
மருந்து, அளவு, போட்டு முடித்த மணி. 'காலையில்' என்று எழுதாமல் 10.40 என்று எழுதுங்கள், அடுத்த 8 மணி நேரத்தை அதிலிருந்துதான் எண்ணுவோம். எடை, ஏற்றிய டிரிப் எத்தனை மில்லி, வந்த சிறுநீர் எத்தனை மில்லி. கல்ச்சர் மருந்துக்கு முன்பா பின்பா என்பதும் வேண்டும்.