குல்மார்க்கில் ஸ்கீயிங் கற்றுக்கொள்ள ஒன்றரை நாள் போதுமா?

நொய்யல்காரன்:

வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசியில், குடியரசு தின விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு காஷ்மீர் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மைத்துனன் என நான்கு பேர். ஊர் கோயம்புத்தூர். நாங்கள் பார்த்த அதிகபட்சக் குளிரே ஊட்டியில் விடியற்காலையில் புல்மேல் கிடந்த உறைபனிதான். மகளுக்கு ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) கற்றே ஆக வேண்டுமாம். அவள் பெயரைச் சொல்லி எனக்கும் ஆசை.

டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம் இது. முதல் நாள் விமானத்தில் ஸ்ரீநகர், தால் ஏரியில் படகு வீடு. இரண்டாம் நாள் குல்மார்க், கோண்டோலா என்கிற கேபிள் காரில் உச்சி வரை போய் அங்கிருந்து ஸ்கீயில் இறங்குவது, இரவு அங்கேயே தங்கல். மூன்றாம் நாள் மதியம் வரை ஸ்கீயிங், பிறகு பஹல்காம். நான்காம் நாள் பஹல்காம் சுற்றுதல். ஐந்தாம் நாள் சோன்மார்க். ஆறாம் நாள் மாலை விமானம்.

இது சரியாக வருமா? அந்த வாரத்தில் பனி இருக்கும் என்று நம்பலாமா? உடுப்பு இங்கேயே வாங்க வேண்டுமா, அங்கே வாடகைக்குக் கிடைக்குமா? மனைவி சுத்த சைவம். சாப்பாடு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையேறி:

குல்மார்க்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? கற்றுக்கொள்ள என்றால் அவுலியும் நல்ல இடம். உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான ஜிஎம்விஎன் அங்கே 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துகிறது. எதிரே நந்தா தேவி சிகரம் தெரியும். ரோதனை என்னவென்றால், ரிஷிகேஷில் இருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. அவுலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து மேலே போகும் ரோப்வேயையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் சாலையை நம்பித்தான் திட்டம் போட வேண்டும்.

பாரமுல்லா கிளை:

சார், நான் வங்கி வேலையில் பாரமுல்லாவில் சில வருடம் இருந்தவன். குல்மார்க் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. லீவு கிடைத்தால் ஊருக்கு வர விமானக் கட்டணம் கட்டுப்படியாகாது, அதனால் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குல்மார்க்கின் அடிவார ஊரான டங்மார்க் போகும் சுமோவில் ஏறிவிடுவோம். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆறு நாளில் நீங்கள் ஸ்கீ மேல் நிற்கப் போவது நாலைந்து மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் இன்னோவாவின் பின் சீட்டில்தான்.

முதலில் அந்த உச்சியில் இருந்து இறங்கும் விஷயம். கோண்டோலா இரண்டு கட்டம். முதல் கட்டம் குல்மார்க்கில் இருந்து (சுமார் 2,650 மீட்டர்) கோங்டூரி வரை, சுமார் 3,100 மீட்டர். 1998இல் வந்தது. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வட் மலையின் தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். 2005இல் திறந்தார்கள். உலகம் முழுவதும் இருந்து ஸ்கீ வெறியர்கள் தேடி வருவது இந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். காரணம், அங்கே யாரும் மட்டமாக்கி வைத்த பாதை கிடையாது. விழுந்த பனி விழுந்தபடியே, முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். தேறியவர்களுக்கு அது சொர்க்கம். நேற்று ஸ்கீ மாட்டியவருக்கு அங்கே வேலையே இல்லை. அது பனிச்சரிவு அபாயம் உள்ள மலையும்கூட. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இந்த மலையில்தான் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். நீங்கள் மேலே போங்கள், பாருங்கள், போட்டோ எடுங்கள், அதே கோண்டோலாவில் இறங்குங்கள். காற்று பலமாக வீசினால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அவ்வளவு உயரத்தில் கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். தலை வலித்தால் சமாளிக்கப் பார்க்காமல் உடனே கீழே வந்துவிடுங்கள்.

கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சீசனில் கிடைக்காது. "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் குளிரிலும் வியர்க்கும்.

பனி இருக்குமா என்று கேட்டீர்கள். காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள், குளிரின் உச்சக்கட்டம். ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கம் இருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்தக் கலக்கம். அது வந்தால் உண்டு, வராவிட்டால் வெறும் குளிர்தான். 2024 ஜனவரியில் மாதம் முடியப் போகிற வரை குல்மார்க் பழுப்பு நிறப் புல்லாகக் கிடந்தது. 2025இல் பிப்ரவரி 22 அன்று தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதாமல் தள்ளிவைத்து மார்ச் 9இல் நடத்தினார்கள். அதனால் யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. என்னைக் கேட்டால் பிப்ரவரி இரண்டாம், மூன்றாம் வாரம். அதற்குள் தரையில் ஓரளவு பனி சேர்ந்திருக்கும், பகல் கொஞ்சம் நீளும், குளிரும் ஒரு படி இறங்கும். ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி சாதாரணம்.

அப்புறம் சாலை. ஸ்ரீநகரில் இருந்து டங்மார்க் வரை கவலை இல்லை. அதற்கு மேல் 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும். புதுப்பனி விழுந்த நாளில் நான்கு சக்கர இழுவை வண்டி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி, இவற்றைத்தான் மேலே விடுவார்கள். உங்கள் இன்னோவா டங்மார்க்கில் நின்றுவிடும். அங்கே வேறு வண்டிக்குப் பேரம் பேச வேண்டும். இதை டிராவல்ஸ்காரர் பேக்கேஜில் சேர்த்திருக்கிறாரா என்று இப்போதே கேளுங்கள்.

டங்மார்க்கில் இன்னொரு கூத்தும் உண்டு. டிரைவர் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்துவார், உள்ளே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கரடித்தோல் மாதிரி ஒரு நீளக் கோட்டும் வாடகைக்குத் தருவார்கள். சும்மா பனியில் நின்று படம் எடுக்க அது போதும், ஸ்கீயிங்குக்கு உதவாது. கோவையிலேயே வாங்க வேண்டியவை: தெர்மல் உள்ளாடை, ஃப்ளீஸ், தண்ணீர் புகாத கையுறை. வெளி ஜாக்கெட்டும் பேன்ட்டும் குல்மார்க் ஸ்கீ கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், நின்ற நிமிடம் நடுங்க வைக்கும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் மூக்குக்கு அடியில்கூடச் சுட்டுவிடும்.

எங்கே கற்பது? கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய தொடக்கநிலைச் சரிவுகளில். சுற்றுலா அமைச்சகத்தின் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் (ஐஐஎஸ்எம்) அங்கே வகுப்பு நடத்துகிறது. அது தேதி பொருந்தவில்லை என்றால் சுற்றுலாத் துறையில் பதிந்த பயிற்சியாளர் ஒருவரை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு ஒருவர் போதும். அந்தப் பக்கத்துப் பையன்கள் நடக்கப் பழகும்போதே சறுக்கப் பழகுகிறவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தக் குல்மார்க் சரிவில் வளர்ந்தவர்தான்.

முதல் நாள் இப்படி இருக்கும். ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டித் தள்ளித் தள்ளி நடக்க வைப்பார்கள். பிறகு இரண்டு காலிலும் மாட்டி, சரிவுக்குப் பக்கவாட்டில் நின்று நண்டு நடையாக மேலே ஏறச் சொல்வார்கள். லிஃப்ட் இருக்கும்போது எதற்கு இந்தத் தண்டனை என்று தோன்றும், ஆனால் ஸ்கீயின் விளிம்பு பனியைக் கடிப்பது எப்படி என்று காலுக்குப் புரிவது அப்போதுதான். அடுத்து நிறுத்தப் பழகுவது. ஸ்கீக்களின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்பை அழுத்த வேண்டும். பயத்தில் எல்லோரும் உடம்பைப் பின்னால் சாய்ப்போம். சாய்ந்தால் வேகம் கூடும். முழங்காலை மடக்கி, பூட்ஸின் முன்பக்கத்தில் கெண்டைக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு அழுந்துகிற மாதிரி முன்னுக்கு நின்றால் ஸ்கீ சொன்ன பேச்சு கேட்கும். விழப் போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள். எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுங்கள், இல்லாவிட்டால் பாதி எழுவதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதெல்லாம் கைக்கு வர இரண்டு முழு நாள், வளைந்து திரும்பப் பழக இன்னொரு நாள். உங்கள் ஒன்றரை நாளில் விழுந்து எழத்தான் நேரம் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். காஷ்மீரிகள் நம்மைப் போலச் சோறு தின்கிற ஜனங்கள். தாமரைத் தண்டைத் தயிரில் சமைக்கும் நத்ரு யக்னி, ஹாக் கீரை, தம் ஆலு, ராஜ்மா எல்லாம் சைவம். ஆனால் கறிக்குழம்பில் இருந்து கறியை எடுத்துவிட்டுத் தருவதைச் சைவம் என்று நினைக்கிற சமையல்காரரும் உண்டு, முன்கூட்டியே விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுக் கிளம்புங்கள்.

பேர்ன் அக்கா:

நான் சுவிஸில் இருக்கிறன். இங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை ஒரு கிழமை (வாரம்) ஸ்கீ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், அதால எங்கட பிள்ளைகள் எங்களை விட நல்லா ஓடுவினம். குல்மார்க் எனக்குத் தெரியாது, சப்பாத்து பற்றி மட்டும் சொல்லுறன். வாடகைக் கடையில் அவசரப்படாதேங்கோ. நேராக நிற்கும்போது பெருவிரல் முன்னால் முட்ட வேணும், முழங்காலை மடக்கினவுடன் அது பின்னுக்கு வந்துவிட வேணும். மடக்கேக்க குதி மேலே எழும்பினால் அந்தச் சப்பாத்து பெரிசு. குளிர் என்று இரண்டு சொக்ஸ் போடக்கூடாது, இரத்த ஓட்டம் இறுகிக் கால் இன்னும் விறைக்கும். மெல்லிய நீளச் சொக்ஸ் ஒன்று காணும். மகளுக்கு ஹெல்மெட் இல்லாமல் சரிவில் விட வேண்டாம். கடையில் சின்ன அளவு இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கோ. ஸ்கீயின் நீளம் தொடக்கத்தில் நாடி (முகவாய்) மட்டத்துக்கு இருந்தால் திருப்ப லேசு. சப்பாத்தைப் பிடிக்கிற கொளுவியை உடம்பு நிறைக்குத் தக்கபடி கடைக்காரர் திருகிச் சரிப்படுத்த வேணும். உங்கட நிறையைக் கேட்காமல் ஸ்கீயைத் தந்தால் நீங்களே சொல்லிச் செய்வியுங்கோ, இல்லாட்டி விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்காலை முறுக்கிவிடும்.

நொய்யல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரரிடம் பேசினேன். அவர் கொஞ்சம் முறைத்துக்கொண்டார், பரவாயில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம், பஹல்காமும் சோன்மார்க்கும் அவுட், குல்மார்க்கில் நான்கு இரவு என்று மாற்றியிருக்கிறோம். பள்ளியில் லீவு சொல்லிக்கொள்ளலாம். இன்னும் இரண்டு சந்தேகம். பனி கொட்டி விமானம் ரத்தானால் என்ன செய்வது? ஹோட்டல் அறையில் ஹீட்டர் இருக்கிறதாம், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

பாரமுல்லா கிளை:

இப்போது சரி சார். கடைசி இரவை மட்டும் ஸ்ரீநகரில் வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் எழுந்து அன்றைக்கே விமானம் பிடிப்பது சூதாட்டம். விமானம் ரத்தானால் இன்னொரு வழி இப்போது உண்டு. 2025 ஜூனில் இருந்து ஸ்ரீநகர்–கட்ரா வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம். ஜம்மு நெடுஞ்சாலை பனியில் மூடினாலும் ரயிலை நம்பலாம். கட்ராவில் இருந்து ஜம்முவுக்கு இறங்கி அங்கே விமானம் பார்க்கலாம். அவசரமே இல்லை என்றால் கட்ராவில் இருந்து கன்னியாகுமரி போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் உங்கள் கோவை வழியாகத்தான் வரும், வாரம் ஒரு வண்டி. பயணக் காப்பீடு எடுத்தால் ஸ்கீயிங் காயத்துக்குப் பணம் உண்டா என்று படித்துப் பாருங்கள், சாகச விளையாட்டு என்று சொல்லித் தள்ளிவிடுகிற பாலிசிகள் நிறைய.

ஹீட்டர் என்று சொன்னால் போதாது, எந்த ஹீட்டர் என்று கேளுங்கள். படுக்கையில் விரிக்கும் மின்சாரக் கம்பளம் மட்டும் என்றால் கரண்ட் போனதும் அதுவும் போச்சு. பனி கொட்டும் இரவில் கரண்ட் போகத்தான் போகும். ஜெனரேட்டர் விடியும் வரை ஓடுமா, பத்து மணிக்கே நிறுத்திவிடுவார்களா என்று கேளுங்கள். விறகு போடும் புகாரி அடுப்பு இருந்தால் கரண்ட் பிரச்சினை இல்லை, ஆனால் புகைக்குழாய் சரியாக வெளியே போகிறதா என்று போனதும் பார்த்துவிடுங்கள், தூங்கும்போது ஜன்னலில் விரல் அளவாவது இடைவெளி விடுங்கள். குழந்தை இருக்கும் அறையில் இதில் சோம்பல் கூடாது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேட்டுவையுங்கள். நாங்கள் தங்கிய விடுதி ஒன்றில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், அதற்குள் நான்கு பேர் குளிக்க முடியாது.