பிஎச்டில செஞ்சத பொள்ளாச்சி கம்பெனிக்கு குடுக்கறதா, நாமளே ஆரம்பிக்கறதா?

மூலத்தறை:

வணக்கம்ங்க. எனக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்ல தமிழ் ஸ்கூல்ல மலையாளம், இப்போ ஒரு யுனிவர்சிட்டில பிஎச்டி கடைசி கட்டத்துல இருக்கேன், தீசிஸ் குடுக்க இன்னும் ரெண்டே மாசம். நான் செஞ்சது என்னன்னா நீரா, அதாவது தென்னம்பாளைல இருந்து இறக்கற இனிப்பு சாறு, புளிக்க ஆரம்பிச்சா கலர் மாறற ஒரு சின்ன அட்டை, விரல் நகம் அளவுதான் இருக்கும், ஊதாவா இருக்கறது மெதுவா செங்கல் கலருக்கு வரும். எங்க சித்தப்பா தென்னை ஏறறவரு, சின்ன வயசுல இருந்து அந்த வாசனைலயே வளந்ததால வந்த ஐடியா.

போன வருஷம் ஒரு கான்ஃபரன்ஸ்ல இத பத்தி ஆராய்ச்சி போஸ்டர் போட்டேன், ஏழு மாசம் ஆச்சு. அங்க பாத்துட்டு பொள்ளாச்சில தேங்காய் சம்பந்தமா பண்ற ஒரு கம்பெனில இருந்து கூப்பிட்டாங்க, நேர்ல போய் ஆறு அட்டை குடுத்துட்டு வந்தேன், ரெசிபி சொல்லல. இப்போ மொத்தமா மூணு லட்சம் தர்றோம், எல்லா உரிமையும் எழுதி குடுத்துடுங்கங்கறாங்க. கைடு சார் "யுனிவர்சிட்டி பேர்ல பேட்டன்ட் போடலாம், அவசரப்படாதே"ங்கறாரு ஆனா நாலு மாசமா அதையேதான் சொல்றாரு. ஹாஸ்டல் ஃபிரண்டு ஒருத்தி நீயே ஸ்டார்ட்டப் ஆரம்பி, கேரளால அதுக்கு நெறைய சப்போர்ட் இருக்குங்கறா. வீட்ல மூணு லட்சத்த வாங்கிட்டு வேலைக்கு போங்கறாங்க. ஒண்ணும் புரியல, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

களியக்காவிளை_கரை:

தம்பி, நான் பேட்டன்ட் மாதிரி கண்டுபிடிப்பு உரிமை (ஐபி) பாக்கற ஒரு ஆபீஸ்ல வேலை பாக்கேன், பார்டர்ல இருந்து தினமும் திருவனந்தபுரம் போய்ட்டு வாறவன். மொத விஷயம், அந்த மூணு லட்சத்துக்கு நீங்க கையெழுத்து போட முடியாது, ஏன்னா அது அனேகமா உங்களோடது இல்ல. யுனிவர்சிட்டி லேப், யுனிவர்சிட்டி கெமிக்கல், ஃபெல்லோஷிப் காசு, இதுல செஞ்சதுக்கு பொதுவா ஓனர் யுனிவர்சிட்டிதான், நீங்களும் கைடும் இன்வென்டர். ஓனர் வேற இன்வென்டர் வேற, இத மொதல்ல மண்டைல ஏத்துங்க. உங்க யுனிவர்சிட்டி ஐபிஆர் பாலிசிய எடுத்து படிங்க, வர்ற காசுல இன்வென்டருக்கு எவ்வளவுன்னு அதுலதான் இருக்கும், இடத்துக்கு இடம் மாறும்.

ரெண்டாவது போஸ்டர். நம்ம சட்டத்துல ஃபைல் பண்ணுறதுக்கு முன்னாடி வெளிய சொன்னா புதுமை போச்சு. பேட்டன்ட் சட்டம் 31வது பிரிவுல ஒரு சின்ன சந்து இருக்கு, அறிஞர் சபைல இன்வென்டரே கட்டுரை வாசிச்சிருந்தா அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள போடலாம்னு. உங்க கான்ஃபரன்ஸ் போஸ்டர் அந்த கணக்குல வருமாங்கறது வாதாட வேண்டிய விஷயம், அத நம்பி உக்காராதீங்க. அமெரிக்கால ஒரு வருஷம் டைம் உண்டு, ஐரோப்பால ஏறக்குறைய கதவ சாத்திட்டான்.

இது பெரியவங்களுக்கே நடந்திருக்கு. அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி கோஹன், கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி பாயர்னு ரெண்டு பேரு, ஜீன வெட்டி ஒட்டுற டெக்னிக், 1973 நவம்பர்ல ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாச்சு. அப்புறம் ஸ்டான்ஃபோர்டு லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்த நீல்ஸ் ரைமர்ஸ் பேப்பர்ல நியூஸ் படிச்சுட்டு ஓடிப்போய் கேட்டு, ஒரு வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது 1974 நவம்பர்ல ஃபைல் பண்ணினாங்க. அமெரிக்கால கெடச்சது, வெளிநாட்டு உரிமை பூரா போச்சு. அப்படி போயும் 25 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, அது வேற கத.

அதனால இந்த வாரமே ப்ரொவிஷனல், அதாவது இடத்த பிடிச்சு வைக்கற தற்காலிக பேட்டன்ட் அப்ளிகேஷன், போடச் சொல்லுங்க. ஆன்லைன்ல ஃபைலிங் ஃபீஸ் 1600 ரூபாதான், 2021ல இருந்து கல்வி நிறுவனத்துக்கும் அதே சலுகை உண்டு. கேரளா, தமிழ்நாடு, ஆந்திரா எல்லாத்துக்கும் கிண்டில இருக்கற சென்னை ஆபீஸ்தான். அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன், அதாவது கண்டுபிடிப்போட முழு விவரம், குடுத்தா போதும். தீசிஸ் வேற ஷோத்கங்கால, நம்ம நாட்டு தீசிஸ போடற வெப்சைட்ல, ஏறிடும், அது ஏறினா உலகமே படிக்கலாம், அதுக்கு முன்னாடி அப்ளிகேஷன் நம்பர் கைல இருக்கணும்.

கொங்கன்_2:

கூகுள் பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்டோடது, லைசென்ஸ் குடுத்ததுக்கு 18 லட்சம் ஷேர் வாங்கி 2005ல 33 கோடி டாலருக்கு மேல வித்தாங்க. ஸ்டார்ட்டப் போடு, யோசிக்காத.

நகரி_தறி:

@கொங்கன்_2 அந்த ஒரு கதைய வெச்சுதான் எங்கள மாதிரி நூறு பேரு காலி ஆனோம். சாயங்காலம் விவரமா எழுதறேன்.

செத்துக்காரன்_மவன்:

நான் நீரா கலெக்ஷன் சென்டர்ல மூணு வருஷம் இருந்தவனுங்க, கொல்லங்கோடு பக்கம். காலைல அஞ்சரைக்கு கேன் வரும். மூடிய தொறந்ததும் மொத மூக்கு, அப்புறம் விரல் நுனில ஒரு சொட்டு நாக்குல, சந்தேகம் இருந்தா பிஎச் பேப்பர். அந்த பேப்பரு கட்டா வாங்கினா ஒண்ணு ரெண்டு ரூபாய்க்குள்ள வந்துரும். உங்க அட்டை அத விட என்ன பண்ணுது? இத யாரு காசு குடுத்து வாங்குவாங்க? ஏறறவரு வாங்க மாட்டாரு, புளிச்சிருச்சுன்னு அவருக்கு கேன தூக்கும்போதே தெரியும், தெரிஞ்சுதான் கொண்டு வர்றாரு, ஹி ஹி.

இன்னொன்னு, பேப்பர ஏமாத்தறது ஈஸிங்க. லேசா புளிச்ச கேன்ல சுண்ணாம்பு தண்ணி ஒரு மூடி ஊத்தி கலக்கி விட்டா பேப்பர் நல்ல கலரே காட்டும். எத்தனை கேன் அப்படி உள்ள போயிருக்கு, மத்தியானம் டேங்க்கே நுரைச்சு நிக்கும், மேனேஜரு எங்கள தான் திட்டுவாரு.

மூலத்தறை:

@களியக்காவிளை_கரை ரொம்ப நன்றி அண்ணா, தம்பி இல்ல தங்கச்சிதான் :) 1600 ரூபா மேட்டர் எனக்கு தெரியவே தெரியாது, லட்சக்கணக்குல ஆகும்னு நெனச்சுதான் நானும் சாரை நெருக்கல.

@செத்துக்காரன்_மவன் அண்ணா நீங்க சொன்ன சுண்ணாம்பு விஷயம் படிச்சுட்டு எழுந்து நடந்துட்டேன். என் அட்டை நீரால முங்கறதே இல்ல. அது மூடிக்கு உள்பக்கம் ஒட்டறது, புளிக்கும்போது மேல வர்ற ஆவி பட்டுதான் கலர் மாறும். சுண்ணாம்பு போட்டா புளிப்பு மறையும், ஆனா உண்டான ஆல்கஹால் எங்க போகும்? நான் சுண்ணாம்பு போட்டு டெஸ்ட் பண்ணவே இல்ல, போஸ்டர்லயும் "புளிப்ப காட்டும் அட்டை"ன்னு தான் போட்டேன், ஆவிய பத்தியோ கலவைய பத்தியோ ஒரு வரி இல்ல. நேத்து நைட்டு லேப்ல மூணு பாட்டில் வெச்சேன், ஒண்ணு ஃப்ரெஷ், ஒண்ணு ஆறு மணி நேரம் வெளிய வெச்சது, ஒண்ணு அதுலயே சுண்ணாம்பு கலந்தது. பிஎச் பேப்பர் மூணாவத நல்லதுன்னு சொல்லிச்சு. என் அட்டை செங்கல் கலர்! மூணே பாட்டில் தான், இன்னும் நெறைய போடணும்.

களியக்காவிளை_கரை:

தங்கச்சி, மன்னிக்கணும் :) இதுதான்மா உங்க க்ளெய்ம், பேட்டன்ட்ல புதுசுன்னு நீங்க உரிமை கேக்க வேண்டிய விஷயம். புளிச்சா கலர் மாறற அட்டைன்னு மட்டும் போட்டிருந்தா பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் பத்து பழைய ஆராய்ச்சிக் கட்டுரைய எடுத்து நீட்டுவாரு, பூ சாயம், முட்டகோஸ் சாயம் வெச்சு அந்த மாதிரி செஞ்சது ஏராளம் கெடக்கு. திரவத்துல படாம, சுண்ணாம்பு போட்டு மறைச்சாலும் காட்டும்ங்கறது வேற பேச்சு. போஸ்டர்ல அது இல்லங்கறதும் உங்க நல்ல நேரம். ஆனா பொள்ளாச்சிக்கு குடுத்த ஆறு அட்டை உறுத்துது. ரெசிபி சொல்லலன்னாலும் லேப்ல குடுத்தா என்ன இருக்குன்னு பிரிச்சு சொல்லிருவான். ரகசிய ஒப்பந்தம் போடாம இனி ஒரு அட்டை கூட வெளிய போகப்படாது.

நகரி_தறி:

சொன்ன மாதிரி எழுதறேன், நீளமா இருக்கும். எங்க ஊரு நகரி, ஆந்திரா சித்தூர் பக்கம், வீட்டுக்கு வீடு விசைத்தறி. நான் படிச்ச காலேஜ்ல ஒரு சார் நூல் அறுந்தா தறிய நிறுத்தற சென்சார் பாக்ஸ் செஞ்சு பேட்டன்டும் வாங்கியிருந்தாரு. நானும் ஒரு ஃபிரண்டும் அதுக்கு எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ், அதாவது எங்களுக்கு மட்டும்னு உரிமை, எடுத்தோம், ரெண்டு லட்சம் அட்வான்ஸ், ரெண்டாவது வருஷத்துல இருந்து வித்தாலும் விக்காட்டியும் வருஷம் அம்பதாயிரம் மினிமம் ராயல்டி. அந்த ஒரு வரிய நாங்க சரியா படிக்கவே இல்ல.

பேட்டன்ட்ல இருக்கற சர்க்யூட்ட அப்படியே போட்டோம், லேப்ல ஓடிச்சு. தறி ஷெட்ல மூணாவது நாள் பஞ்சு தூசி சென்சார் கண்ணுல பூனை முடி மாதிரி படிஞ்சிருச்சு, நூல் இருக்கும்போதே தறி நின்னு நின்னு போகுது. சாருகிட்ட கேட்டா அதெல்லாம் அந்த ஸ்டூடண்ட் தான் பாத்துக்கிட்டான்னாரு, அவன் பெங்களூருல வேலைக்கு போய்ட்டான், போன் எடுக்கல. காகிதம் எங்ககிட்ட இருந்துச்சு, கை எங்ககிட்ட இல்ல. தறிக்காரரு ஒருத்தரு தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னாரு, "ஏ பாபு, நூல் அறுந்தா சத்தத்துலயே என் பொண்டாட்டி அடுப்படில இருந்து சொல்லிடுவா, உன் பொட்டி எதுக்கு?" நாப்பது பாக்ஸ் வித்தோம், பதினொண்ணு திரும்பி வந்துச்சு. மினிமம் ராயல்டி நோட்டீஸ் மட்டும் கரெக்டா வந்துச்சு.

அதனால தங்கச்சி, பொள்ளாச்சிக்காரங்க கேக்கறது அட்டை மட்டுமில்ல, உங்களயும் சேத்துதான், அவங்களுக்கே அது இன்னும் தெரியாம இருக்கலாம். ஈரத்துல கோந்து விடுதா, எந்த சாயம் எவ்ளோ நாள் நிக்கும், இதெல்லாம் உங்க கைல தான் இருக்கு. அத தனியா விலை பேசுங்க, ஆறு மாசம் கன்சல்டன்ட்னு எழுதி வாங்குங்க.

மூலத்தறை:

கோந்து விடுது அண்ணா. எப்படி கண்டுபிடிச்சீங்க :( ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சா ரெண்டு மணி நேரத்துல விழுந்துடுது.

சரி, அப்போ ஸ்டார்ட்டப் வேண்டாம்ங்கறீங்களா எல்லாரும்?

களியக்காவிளை_கரை:

வேண்டாம்னு சொல்லல, இப்ப முடிவு பண்ணாண்டாம்ங்கேன். 2019ல மத்திய அரசு போட்ட ஸ்டார்ட்டப் பாலிசில யுனிவர்சிட்டியே லைசென்ஸ் குடுத்துட்டு உங்க கம்பெனில 2ல இருந்து 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கலாம்னு இருக்கு, கைல காசு இல்லாம ஆரம்பிக்கறவங்களுக்கு அது நல்லது. மொத மாதிரி (ப்ரோட்டோடைப்) செய்யறதுக்கு மத்திய அரசு திட்டம் நிதி-ப்ரயாஸ்ல 10 லட்சம் வரைக்கும் கிடைக்கும், பயோடெக்னாலஜிக்கு மத்திய அரசு குடுக்கற பைராக் பிக் கிரான்ட் 50 லட்சம் வரை போகும் ஆனா அதுக்கு சும்மா போய் நிக்க முடியாது. கஞ்சிக்கோட்டுல ஐஐடி பாலக்காடு இன்குபேட்டர், புது கம்பெனிங்கள வளத்து விடற இடம், இருக்கு, உங்க ஊர்ல இருந்து பஸ்ல போய்ட்டு வந்துரலாம், மொதல்ல பேசிட்டு மட்டும் வாங்க. ஆனா ஒண்ணு, இந்த ஒரே அட்டைய வெச்சு முழு கம்பெனி நிக்குமாங்கறது எனக்கு சந்தேகம் தான், லைசென்ஸ்தான் பொருத்தம்னு என் மனசு சொல்லுது. எங்க ஊர் சித்ரா ஹார்ட் வால்வு ஆஸ்பத்திரி கம் ஆராய்ச்சி இடத்துல தான் உருவாச்சு, மூணு மாடல் தோத்து நாலாவதுதான் நின்னுச்சு, 1990 டிசம்பர்ல மொத நோயாளிக்கு வெச்சாங்க, செஞ்சு விக்கறது டிடிகே கம்பெனி பாத்துக்கிட்டாங்க. டாக்டர்மாரே ஃபேக்டரி வைக்கல.

லைசென்ஸ் பேசும்போது மூணு லட்சம் மொத்தமாங்கறத ஒத்துக்காதீங்க. முன்பணம் கொறைச்சாலும் விக்கிற ஒவ்வொரு அட்டைக்கும் ராயல்டி வேணும். நீராவுக்கு மட்டும் அவங்களுக்கு குடுங்க, பால், மாவு, மீன் எல்லாம் யுனிவர்சிட்டிகிட்டயே இருக்கட்டும். ரெண்டு வருஷத்துல விக்கலன்னா உரிமை திரும்பி வரணும், இல்லன்னா வாங்கி அலமாரில பூட்டி வெச்சிருவான், போட்டிக்காரன் கைக்கு போகாம இருந்தா போதும்னு நெனைக்கற கம்பெனியும் உண்டு. பேட்டன்ட் உயிரோட இருக்க மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் ஃபீஸ், அத யாரு கட்டறதுன்னும் எழுதுங்க.

எங்க மலைல காணிக்கார பழங்குடிங்களோட ஆரோக்கியப்பச்சை செடி தெரியுமா? 1987ல ஆராய்ச்சிக்காரங்க காட்டுக்குள்ள போனப்ப வழிகாட்ட வந்த காணிங்க களைப்பு தெரியாம நடந்தாங்க, ஒரு காய மென்னுட்டே வந்தாங்க, அதுல இருந்துதான் ஜீவனி மருந்து. பாலோட்டுல இருக்கற தாவரவியல் தோட்டம் 1995ல கோயமுத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு 10 லட்சம் லைசென்ஸ் ஃபீஸ், 2 சதவீதம் ராயல்டினு குடுத்துச்சு, அதுல பாதி காணிங்களுக்கு. உலகமே பாராட்டிச்சு. ஆனா மருந்துக்கு வேண்டிய எல காட்டுல இருந்து எடுக்கறதுல வனத்துறை சிக்கல் வந்து சப்ளை தடுமாறிச்சு. ஒப்பந்தம் அழகா இருந்துச்சு, எல வரல. உங்க சாயம் எங்க இருந்து வருது?

மூலத்தறை:

ஒரு காட்டுப் பூவுல இருந்து அண்ணா... நெல்லியாம்பதில பறிச்சேன். ஐயோ.

களியக்காவிளை_கரை:

அப்போ பல்லுயிர் சட்டமும் வருது. சென்னை தரமணில தேசிய பல்லுயிர் ஆணைய ஆபீஸ் இருக்கு, பேட்டன்ட் கிடைக்கறதுக்கு முன்னாடி அங்க பதிவு பண்ணணும். தோட்டத்துல வளர்ற பூ ஏதாவது அதே வேலைய செய்யுதான்னு பாருங்க, சப்ளை தலைவலியும் தீரும். அந்த பூ பேர இங்க போட்டுறாதீங்க, ப்ளீஸ்.

மூலத்தறை:

போடல போடல. நேத்து ஐபிஆர் செல்லுக்கு போனேன், அங்க இருக்கற சார் லீவு, திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. கைடு சாரையும் கையோட கூட்டிட்டு போறேன், சுண்ணாம்பு பாட்டில் போட்டோவ காட்டினதும் அவரே சேர இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. பொள்ளாச்சிக்கு "யுனிவர்சிட்டி மூலமா தான் பேச முடியும்"னு மெயில் போட்டாச்சு, பதில் வரல. வீட்ல மூணு லட்சத்த விட்டுட்டியான்னு அம்மா பேசல.

செத்துக்காரன்_மவன்:

தங்கச்சி, கோந்து பிரச்சனைக்கு சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு சென்டருக்கு வாங்க, பழைய ஆளுங்ககிட்ட சொல்லி வெக்கறேன். கேன் கழுவறதுக்கு முன்னாடி வரணும், மூடி உள்பக்கம் எப்படி வேர்த்து நிக்கும்னு பாத்தாதான் தெரியும். அந்த ரகசிய ஒப்பந்த காகிதத்தையும் எடுத்துட்டு வாங்க, நானும் கையெழுத்து போடறேன்.