ஜெபத்திற்குப் பதில் வராத காலம்: உங்கள் அனுபவம் என்ன?

லிந்துலையிலிருந்து:
இலங்கை மலையகத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய குடும்பங்களின் கதை இங்குள்ளவர்களுக்குப் புதிதன்று; ஆகவே நேராக விடயத்துக்கு வருகிறேன். என் அம்மாயியின் மூத்த மகன் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் சென்றபின் ஒரு கடிதமும் எழுதவில்லை. அம்மாயியோ நாள்தோறும் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) முழந்தாளிட்டு அவருக்காக ஜெபித்து வந்தார். தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வரும் தபாலில், ஒருநாள் அம்மாயியின் பெயருக்குத் தமிழ்நாட்டுக் கோத்தகிரி முத்திரையுடன் ஒரு கடிதம் வந்தது. இரண்டு வரி வாசித்ததுமே, அது தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனில் இருந்த அதே பெயருடைய இன்னொரு பெண்ணுக்கு அவள் தங்கை எழுதியது எனத் தெரிந்துவிட்டது. “அவளும் காத்துக்கிட்டுத்தானே இருப்பா” என்று சொல்லி, மழையையும் பாராமல் என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். அப்பெண்ணுக்கு எழுத்து தெரியாததால் தாமே அக்கடிதத்தைக் கடைசிவரை உரக்க வாசித்தும் காட்டினார். குரல் ஓரிடத்திலும் இடறவில்லை. மாமாவிடமிருந்து இறுதிவரை எதுவும் வரவில்லை. அம்மாயி ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை. அந்தத் திடம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து:
எங்களுக்குக் குழந்தை இல்லை. உபவாச ஜெபக் கூட்டமொன்றில் வெளியூர்ப் போதகர் ஒருவர் என் மனைவியின் தலையில் கை வைத்து, அடுத்த ஆண்டு பிள்ளையோடு வருவாய் என்றார். அடுத்த ஆண்டு வெறுங்கையோடு சென்றபோது, மறைத்து வைத்த பாவம் ஏதும் உண்டா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். என் மனைவி அதிர்ந்து பேசாதவள். அன்று எழுந்து நின்று, “வாக்கு கெடச்சப்போ ஆபிரகாமுக்கு 75 வயசு, ஈசாக்கு பொறந்தப்போ 100. நடுவுல அவருகிட்ட யாரு வந்து இப்படிக் கேட்டாங்க, பாஸ்டர் ஐயா?” என்றாள். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் இன்றும் ஜெபிக்கிறோம், ஆனால் வீட்டிலேயே.

மஸ்கெலியாவிலிருந்து:
லிந்துலை அன்பர் மன்னிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அதை இரண்டு அரசாங்கங்கள் செய்தன, கர்த்தர் செய்யவில்லை. அதனால் வந்த பிரிவை அவர் தரும் காத்திருப்பு என்று நம் சபைகளில் போதிப்பதை நான் ஏற்கமாட்டேன். லூக்கா 18இல் நியாயம் கேட்டு வரும் விதவை பொறுமையாக மூலையில் அமர்ந்திருக்கவில்லை. நியாயாதிபதி சலித்துப்போகும்வரை அவனிடம் போய்க்கொண்டே இருந்தாள். என் தந்தையார் பிரஜாவுரிமைக்காக ஜெபித்தார், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தாமே நிரப்பவும் செய்தார். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அது கிடைத்தபோது, ஆலயத்தில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். எழுந்து, “இது நேரத்தோட கெடச்சிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நுவரெலியாவிலிருந்து:
ஆசிரியர் நியமனத்துக்காக நெடுநாள் ஜெபித்தேன். நம்பிக்கை விட்டுப்போன பிறகே கிடைத்தது. என் கதை அவ்வளவுதான். பண்டாரவளைச் சகோதரர் மனம் தளரக் கூடாது. 13ஆம் சங்கீதத்தைத் தினமும் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். “எதுவரைக்கும்” என்று தாவீது நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் பாட்டுக்கு வருகிறார், ஆகவே கேட்பது அவிசுவாசம் ஆகாது. தானியேலின் ஜெபம் முதல் நாளே கேட்கப்பட்டும் பதில் வந்துசேர 21 நாள் தடைபட்டதை நினைவில் வையுங்கள். பவுல் மூன்று தரம் கேட்டும் அவரை வருத்திய மாம்சத்தின் முள் நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது. எனவே கேட்டது அப்படியே கிடைக்காமலும் போகலாம். ஒரு குறிப்பேட்டில் ஜெபங்களைத் திகதியிட்டு எழுதுங்கள். வீட்டோடு ஒதுங்காமல் சிறிய ஜெபக் குழுவொன்றில் சேருங்கள். நல்ல வைத்தியரையும் பாருங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அன்று.

லிந்துலையிலிருந்து:
மஸ்கெலியா அன்பருக்கு: அம்மாயி சும்மா இருந்தார் என்று நான் எங்கும் எழுதவில்லை. இந்தியாவுக்குப் போன ஒவ்வொரு குடும்பத்திடமும் மகனின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினார். உங்கள் தந்தையாரின் சாட்சியை அவர் கேட்டிருந்தால் ஆமென் சொல்லியிருப்பார்.

பண்டாரவளையிலிருந்து:
நுவரெலியாச் சகோதரிக்கு நன்றி. குறிப்பேடும் உண்டு, வைத்தியரும் உண்டு. நான் அறிய விரும்புவது வேறு. அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்ட சபைக்கே மறுபடி சென்று அமர்ந்தவர்கள் இங்கு யாரேனும் இருக்கிறீர்களா?