நாரியில் இரண்டு வேலைக் காயங்களும் ஒரு செல் துண்டும்: நிரந்தர அங்கவீனத்தை எப்படிப் பிரிப்பார்கள்?

கேள்வி (கிளிநொச்சி)

கலிபோர்னியாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் என் அண்ணாவுக்கு 2018இலும் 2021இலும் பாரம் தூக்கும்போது நாரியில் காயம் ஏற்பட்டது. நிரந்தர அங்கவீனம் மொத்தம் 40 வீதம் என்று கணித்த மருத்துவர், முதற் காயத்துக்குப் பாதி, இரண்டாவதற்குப் பாதி என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். 20உம் 20உம் 40தானே, பிறகேன் பணம் குறைகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. 2009இல் போரின்போது மாத்தளனில் பட்ட எறிகணைச் செல் துண்டையும் காட்டி இன்னும் குறைக்கக் காப்புறுதிக்காரர் முயல்கிறார்களாம். அம்மாவுக்கு நித்திரையே இல்லை.

பதில் (வவுனியா)

சகோதரி, அங்கே வீதம் கூடக் கூட, ஒவ்வொரு வீதத்துக்கும் பணம் கொடுக்கும் கிழமைகளும் கூடுகின்றன. 20 வீதத்துக்கு 75.5 கிழமை, ஆகவே இரண்டுக்கும் 151. ஒரே 40 வீதமாக எடுத்தால் 201. கிழமைக்கு உச்சத் தொகையான 290 டொலர் அவருக்கு உரியதாயின், இந்த 50 கிழமையின் பெறுமதி 14,500 டொலர். 1977ஆம் ஆண்டின் வில்கின்சன் தீர்ப்பு, ஒரே உறுப்பின் காயங்கள் இனிப் பெரிதாக மாறாது என்ற நிலையை ஒரே காலத்தில் அடைந்தால் சேர்த்துக் கணிக்க இடமளித்திருந்தது. 2004இல், அங்கவீனத்தைக் காரணத்தின்படி பிரிக்க வேண்டும் என்று சட்டம் மாறியது. 2009இல் பென்சன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒவ்வொரு காயத்துக்கும் தனித்தனித் தீர்ப்பு வேண்டும் என்றது. ஆயினும் எந்தக் காயம் எவ்வளவு என்று மருத்துவரால் நியாயமாகப் பிரிக்கவே முடியாதபோது, சேர்த்துக் கணிக்க அதே தீர்ப்பு வழி விட்டிருக்கிறது.

பதில் (முல்லைத்தீவு)

வேலைக்கு முந்திய காரணங்களையும், அவை அதுவரை வலி தராதிருந்தால்கூட, பிரித்துக் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது. 2005இன் எஸ்கொபேடோ தீர்ப்பின்படி, அந்தத் துண்டு இன்றைய இயலாமைக்கு எப்படி, ஏன் காரணமாகிறது என்று மருத்துவர் விளக்கியாக வேண்டும். எக்ஸ்ரேயில் துண்டு தெரிவது மட்டும் போதாது. பாதி பாதி என்ற அந்த ஒற்றை வரிக்கும் இதே அளவுகோல்தான். சட்டத்தரணி மூலம் மேலதிக அறிக்கை கேட்பியுங்கள். என் தோளிலும் ஒரு துண்டு இருக்கிறது; அந்தத் தோளில்தான் இத்தனை வருடமாக நெல்மூட்டை சுமக்கிறேன்.

பதில் (மாங்குளம்)

செல் காயத்தை மறைக்கச் சொல்லிவிடாதீர்கள். பழைய மருத்துவக் குறிப்பில் அது வெளிவந்தால் அவருடைய மற்றச் சொற்களும் சந்தேகத்துக்குள்ளாகும். 2018க்கு முன் என்ன பாரம் தூக்கினார், நாரிக்காக எத்தனை நாள் வேலைக்குப் போகாதிருந்தார் என்பதையே விரிவாகச் சொல்லட்டும். பரிசோதனைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை அவருக்குண்டு, செலவு காப்புறுதியினுடையது. நாரி உளைவையும் கால் விறைப்பையும் ஒரே 'வலி' என்று மொழிபெயர்த்தால், எந்தக் காயத்தால் எது வந்தது என்று மருத்துவர் எப்படி அறிவார்?