நியூரொய்சாவுக்கு ஒரு சொல்: வீழ்திட்டு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் போடும் பூவே தீவு வரைபடத்தில் மற்றப் பெயர்களெல்லாம் ஓரளவு படிந்துவிட்டன. அந்தத் தீவின் கரையோர நிலத்துண்டான நியூரொய்சாவில்தான் இழுபறி நீடிக்கிறது. அது எந்த வகை நிலம் என்று சொல்ல இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: 'கடலோர மேடை', 'நிலச்சரிவுச் சமவெளி', அல்லது பெயரை மட்டும் எழுதி வகையைச் சொல்லாமல் விடுவது. நான் 'வீழ்திட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். தெற்கு அட்லாண்டிக்கில், தென் அகலாங்கு 54 பாகையில் தனித்துக் கிடக்கும் எரிமலைத் தீவு பூவே. பரப்பு 49 சதுர கிலோமீட்டர்தான். வட அகலாங்கில் இதே பாகைக்குப் போனால் ஜெர்மனியின் வடகரை வரும், அங்கே மக்கள் கோதுமை விளைவிக்கிறார்கள். இங்கே நிலத்தில் 93 விழுக்காடு பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிறது. தெற்கே அண்டார்க்டிக் கரை ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். வடகிழக்கே ஆப்பிரிக்காவின் தென்முனை 2,500 கிலோமீட்டருக்கும் மேல். கரையைச் சுற்றிலும் பாறையும் பனிக்கட்டியும் கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால் படகு ஒதுங்க இடம் கிடைப்பது அரிது.

1955இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் என்ற கப்பல், வானிலை நிலையம் அமைக்கத் தோதான சமதளம் உண்டா என்று பார்க்க வந்தது. ஒன்றும் அகப்படவில்லை. 1958 புத்தாண்டு நாளில் அமெரிக்காவின் வெஸ்ட்விண்ட் என்ற பனியுடைப்புக் கப்பல் வந்தபோது வடமேற்குக் கரையில் ஒரு புது நிலம் இருந்தது. நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அகலம் அரை கிலோமீட்டர். எரிமலைக் குழம்பு கடலுக்குள் பாய்ந்து உறைந்த நிலம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நேரில் இறங்கி ஆராய்ந்த பிறகு உண்மை தெரிந்தது: மேலே இருந்த செங்குத்துப் பாறை சரிந்து கடலோரத்தில் குவிந்திருக்கிறது. தீவை ஆளும் நார்வேக்காரர்கள் அதற்கு 'புதிய கற்குவியல்' என்று பொருள்படும் நியூரொய்சா என்ற பெயரை வைத்தார்கள்.

இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் நம் சொல்லை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். எரிகுழம்பு பாய்ந்து உண்டான நிலமும் பாறை சரிந்து உண்டான நிலமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். மலையடியில், கடலை ஒட்டி, தட்டையாக இருக்கும். வடிவத்தை மட்டும் சொல்லும் சொல் இரண்டுக்கும் பொருந்திவிடும். பிறந்த விதத்தைச் சொல்லும் சொல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

அதனால்தான் 'கடலோர மேடை' எனக்குச் சம்மதமில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'அலை அரித்த மேடை' என்று நம் புவியியல் நூல்களில் ஏற்கெனவே புழங்குகிறது. அது கடல் பாறையைக் குடைந்து குடைந்து மிச்சம் விட்ட தளம். இதுவோ மேலிருந்து விழுந்து சேர்ந்தது. ஒன்று இழப்பால் வந்தது, மற்றது வரவால் வந்தது. இரண்டையும் 'மேடை' என்றால் மாணவர் குழம்பிப்போவார்.

'நிலச்சரிவுச் சமவெளி' பிறப்பைச் சரியாகச் சொல்கிறது. அதை முன்மொழிந்த ஐயாவின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சமவெளி என்றதும் நம் மனதில் வருவது ஆறு படிய வைத்த பெரிய பரப்பு. இங்கே கரடுமுரடான பாறைத் துண்டுகள்தான் கிடக்கின்றன. அப்புறம், 'நிலச்சரிவுச் சமவெளிப் படிவுகள்' என்று தொடர் நீளும்போது நாக்கே தடுக்கும்.

இந்த வகை நிலத்துக்குப் பிற மொழிகளில் என்ன வழக்கு என்று தேடினால், போர்ச்சுக்கீசியர் வைத்திருக்கும் 'ஃபஜா' என்ற சொல்தான் மிக அருகில் வருகிறது. அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் சாவோ ஜார்ஜ் தீவில் இப்படிப்பட்ட நிலங்கள் எழுபதுக்கும் மேல் உண்டு. உயரமான பாறைச் சுவர்களின் அடியில், கடலை ஒட்டி, மக்கள் வீடு கட்டித் தோட்டம் போட்டு வாழ்கிறார்கள். அங்கேயும் எரிகுழம்பால் வந்த ஃபஜா, சரிவால் வந்த ஃபஜா என்று இரு வகையாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். நமக்கும் அந்தப் பிரிவினை வேண்டும். ஆனால் ஒரு பொதுச்சொல்லும் இரண்டு அடைமொழிகளும் என்று போகாமல், ஈற்றில் 'திட்டு' என்பதைப் பொதுவாக வைத்தால் வேலை எளிது. சரிவால் வந்தது வீழ்திட்டு. எரிகுழம்பால் வந்தது எரிகுழம்புத் திட்டு.

'வீழ்' என்ற முன்னொட்டு புதிதல்ல. வேதியியலில் 'வீழ்படிவு' பல பத்தாண்டுகளாகப் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்குவதை அது சொல்கிறது. எந்த விளக்கமும் இல்லாமல் மாணவருக்குப் புரிகிறது. அதே வார்ப்பில்தான் வீழ்திட்டும். இரண்டும் வினைத்தொகை, ஆகவே 'வீழ்த்திட்டு' என்று ஒற்று மிகாது. வினைத்தொகையாக இருப்பது இங்கே பொருளுக்கும் பொருந்துகிறது. வீழ்ந்த திட்டு, வீழ்கிற திட்டு, வீழும் திட்டு என்று முக்காலத்துக்கும் விரியும். மேலிருந்து கற்கள் விழுந்துகொண்டே இருக்க, கீழே கடல் ஓரத்தை அரித்துக்கொண்டே இருக்கும் நிலத்துக்கு ஒற்றைக் காலத்தில் பெயர் வைப்பது சரியாகாது.

'திட்டு' என்றால் தண்ணீர் நடுவே தனித்து நிற்பதல்லவா, மணல்திட்டு போல, என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மேட்டு நிலம் என்ற பொதுப்பொருளும் அகராதிகளில் அந்தச் சொல்லுக்கு உண்டு. அதனால் கரையோடு ஒட்டிக் கிடப்பது தடையாகாது என்றே நினைக்கிறேன்.

இது சின்ன இடம்தானே, இதற்கு ஒரு சொல் தேவையா என்றும் கேள்வி வந்தது. பூவே தீவில் ஓரளவு எளிதாக இறங்கக்கூடிய இடமே அதுதான். நார்வே 1977இல் தானியங்கி வானிலை நிலையத்தை அங்கேதான் வைத்தது. 1996இல் கட்டிய ஆய்வு நிலையமும் அங்கேதான். 2006இல் வந்த நிலநடுக்கத்தில் அடித்தளம் ஆட்டங்கண்டு, பிறகு குளிர்காலப் புயலில் அந்த நிலையம் கடலுக்குப் போய்விட்டது. 2014இல் புதிய நிலையம் கட்டினார்கள். உரோமக் கடல்நாய்களும் பென்குயின்களும் இனப்பெருக்கம் செய்வதும் பெரும்பாலும் அந்தக் கற்குவியல் மேல்தான். தீவைப் பற்றி எதை எழுதினாலும் இந்த நிலத்தைத் தொடாமல் எழுத முடியாது.

இனி மற்றப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே மொழியில் நிலவகை பெரும்பாலும் பெயரின் கடைசியிலேயே ஒட்டிக்கொள்ளும். 'போசடோவ்ஸ்கிபிரேன்' என்பதில் 'பிரேன்' என்றாலே பனியாறு. அதன் பின்னால் நாம் மறுபடி 'பனியாறு' சேர்த்தால் ஒரே பொருள் இரண்டு முறை வந்துவிடும். எனவே சிறப்புக்கூறை ஒலிபெயர்த்து, பொதுக்கூறை மொழிபெயர்ப்போம்: போசடோவ்ஸ்கி பனியாறு, கிறிஸ்டென்சன் பனியாறு, ஓலாவ் சிகரம். நாளிதழ்கள் பனியாற்றையும் 'பனிப்பாறை' என்கின்றன, கடலில் மிதப்பதையும் 'பனிப்பாறை' என்கின்றன. மேலிருந்து நகர்ந்து கடலோரம் வந்து உடைகிற பனிக்கட்டி உள்ள தீவில் அது ஒத்துவராது. நகர்வது பனியாறு, உடைந்து மிதப்பது பனிப்பாறை என்று வைத்துக்கொள்வோம்.

சிர்கோன்சிசியோன் முனை என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு வடிவிலேயே விடலாம். 1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சுக் கடலோடி பூவே தெ லோசியே அதைக் கண்டார். அன்று இயேசுவின் விருத்தசேதனத் திருநாள், அதையே பெயராக வைத்தார். தெற்கே இருப்பதாக அன்று நம்பப்பட்ட பெருங்கண்டத்தின் முனையைக் கண்டுவிட்டதாகவே அவர் நினைத்தார். அவர் குறித்த இடம் பிசகியிருந்ததால், பிற்பாடு ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக் தேடியும் தீவு கிடைக்கவில்லை. 1898இல் ஜெர்மானியரின் வால்டிவியா கப்பல் வந்துதான் அதன் சரியான இடத்தைக் குறித்தது. தீவு என்றே தெரியாத காலத்தில் வைத்த பெயர் அது. அந்த வரலாறு பெயரில் தெரியட்டும்.

நியூரொய்சாவுக்கு வந்தால் மேலே சொன்ன விதி கொஞ்சம் வளைய வேண்டும். அதைப் பிரித்தால் 'புதிய' என்ற அடைமொழி மட்டுமே மிஞ்சும், இடப்பெயராக எதுவும் நிற்காது. ஆகவே வரைபடத்தில் 'நியூரொய்சா' என்றே எழுதுவோம். குறியீட்டு விளக்கத்தில் அந்த நிறத்துக்கு நேரே 'வீழ்திட்டு' என்று போடுவோம். கட்டுரையில் முதல் முறை வரும்போது 'நியூரொய்சா வீழ்திட்டு' என்று எழுதி, அதன்பின் பெயரை மட்டும் பயன்படுத்தலாம்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நார்வே மொழி 'காப்' என்பதையும் 'ஒட்டே' என்பதையும் வேறுபடுத்துகிறது. முன்னது கடலுக்குள் துருத்தி நிற்கும் பெருமுனை, பின்னது சிறிய நுனி. தீவின் கரையில் வால்டிவியா என்ற காப்புக்கு 'முனை', நோர்வேஜியா என்ற ஒட்டேவுக்கு 'கோடி' என்று வைக்கலாமா? தனுஷ்கோடியில் இருக்கும் அதே கோடிதான். கடலோர ஊர்களில் வளர்ந்தவர்கள் உங்கள் பக்கத்து வழக்கில் இந்த இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று எழுதினால், அதன்படியே வரைபடத்தைத் திருத்திவிடலாம்.

அன்புடன்