மதுரைப் பக்கம் அளவு பிசகாமல் மரக்கட்டை இழைத்துத் தரும் பட்டறை தெரியுமா?

திருமங்கலத்தில் ஒரு பால்வாடிக்கு அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் வேண்டும். பிள்ளைகளுக்கு 2 முதல் 4 வயது. முழுக்கட்டை 5½ × 2¾ × 1⅜ அங்குலம், அதாவது 4:2:1. இந்தக் கணக்குதான் முக்கியம். இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை என்பதைப் பிள்ளை கையாலேயே கண்டுபிடிக்கணும். கட்டை பிசகினால் அது நடக்காது.

மாசியில் ஆசாரி ஒருவர் வேப்பமரத்தில் செய்து தந்தார். மரம் சரியாகக் காயவில்லை. சித்திரை வெயிலில் நீளம் அப்படியே நிற்க, அகலம் மட்டும் 2 மி.மீ. வரை சுருங்கிவிட்டது, சிலதில் ஓர விரிசலும். நாலைந்து அடுக்கினாலே சாயுது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தாச்சு, கட்டைக்குக் கட்டை வித்தியாசம் கூடினதுதான் மிச்சம். பிளாஸ்டிக் கட்டை உள்ளே வெற்றிடம், கனமில்லாமல் வழுக்குது. கடையில் கிடைக்கும் 1 அங்குலக் கட்டைகள் 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரொம்பச் சின்னது, அதனால் அதுவும் வேண்டாம். பெயின்ட்டும் தேவையில்லை, எல்லாம் வாய்க்குத்தான் போகும். முனைகளை மட்டும் மழுக்கினால் போதும்.

நன்றாகக் காய்ந்த ரப்பர் மரத்திலோ மாமரத்திலோ, அரை மி.மீ.க்கு மேல் பிசகாமல் மெஷினில் இழைத்து, 60 கட்டை என்றாலும் செய்து தரும் பட்டறை மதுரையில் எங்கே இருக்கு?