மாருதி 800: ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் இறங்குகிறது, மாஸ்டர் சிலிண்டரா இல்லையா?

காட்பாடி800:
வண்டி 1998 மாடல், அப்பா வாங்கியது. போன வாரம் ஏலகிரியில் இருந்து இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவில் பாதி கூடத் தாண்டவில்லை, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது மிதிக்குத்தான் பிடித்தது. ஓரமாக நிறுத்தி ஆறவைத்து, மெதுவாக ஊர் வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு பட்டறையில் ஏர் எடுத்தார்கள், அதாவது பிரேக் லைனில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது முன்பைவிட மோசம். வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் பிரேக்கில் காலை வைத்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது. டப்பாவில் பிரேக் ஆயில் குறையவில்லை. திரும்பவும் ஏர் எடுக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். எடுக்கலாமா?

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
எடுங்கள் தம்பி, ஆனால் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டு எடுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியே போதும். மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால் அந்தச் சூடு தாராளமாக வரும். ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சாகும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சத்துவாச்சாரி_செல்வம்:
மலையில் நடந்ததற்கு அண்ணன் சொன்ன காரணம் சரி. சிக்னலில் நடப்பது வேறு நோய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. லைனில் காற்று இருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும், ஆனால் ஓர் இடத்தில் நின்றுவிடும். அழுத்தம் மாறாமல் வைத்திருந்தும் இறங்கிக்கொண்டே போனால், ஒன்று வெளியே ஒழுக வேண்டும், இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் ரப்பர் வாஷரைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். டப்பாவில் அளவு குறையவில்லை என்கிறார். அப்புறம் எத்தனை முறை ஏர் எடுத்து என்ன பயன்?

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
அவ்வளவு சீக்கிரம் மாஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இருக்கிற வண்டியில் என்ஜின் ஓடும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மாஸ்டரை மாற்றியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் பின் டிரம்மில் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். இரண்டு மிதிக்குப் பிடிக்கிறது என்றால் நான் முதலில் பின் ஷூவைத்தான் பார்ப்பேன்.

சத்துவாச்சாரி_செல்வம்:
நியாயமான சந்தேகம். அதனால்தான் எதையும் கழற்றுவதற்கு முன்னால் காலால் சோதிக்கச் சொல்கிறேன். என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தால் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும். பிறகு மிதமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பெடல் இறங்காமல் நின்றால் மாஸ்டர் மேல் சந்தேகம் குறையும், பின் ஷூவைப் பார்க்கலாம். இறங்கினால் நாலு சக்கரத்தையும் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகினால் வெளியில் சொட்டே தெரியாது. அங்கேயும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர்தான். இதைச் செய்து முடிக்கும்வரை வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன்.

காட்பாடி800:
செய்து பார்த்தேன். என்ஜின் அணைந்த நிலையில் ஒரு நிமிடம் ஆவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. முன்பக்கம் ஈரமே இல்லை. பின் டிரம் இரண்டையும் கழற்றினேன், உள்ளே காய்ந்த தூசிதான். லைனிங் போதுமான அளவு இருக்கிறது. பூஸ்டர் பக்கமும் ஒழுகல் இல்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஏர் எடுப்பதற்கு முன்னால் பெடல் இப்படி இறங்கியதே இல்லை.

சத்துவாச்சாரி_செல்வம்:
ஏர் எடுத்த விதத்தால் வந்திருக்கும். தினமும் ஓட்டும்போது மாஸ்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் போகும். அதற்கு அப்பால் உள்ள பகுதியை வாஷர் தொடுவதே இல்லை. ஈரம் ஏறிய ஆயிலால் வருடக்கணக்கில் அங்கே துரு பிடித்திருக்கும். ஏர் எடுக்கும்போது சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்ததும் பெடல் தரைவரை போகும், வாஷர் அந்தத் துருவின் மேல் உரசும். 25 வருடம் தாண்டிய ரப்பர் எவ்வளவு தாங்கும்?

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
முழுக்க மிதிக்காமல் காற்று எப்படி வெளியே வரும்? எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் செய்கிறோம்.

குடியாத்தம்_அம்பாசடர்:
அண்ணே, பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு மிதித்தால் போதும். பாதி மிதியில் கூடுதலாகப் பத்துப் பதினைந்து தடவை மிதிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாலு சக்கரமும் டிரம் உள்ள என் வண்டிக்கு எப்போதும் அப்படித்தான் எடுக்கிறோம்.

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் கட்டை வைப்பார். அவசர வேலையில் நாங்கள்தான் அதை விட்டுவிட்டோம். சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். தம்பி, சோதனைப்படி மாஸ்டர்தான். ஆனால் முழு அசெம்பிளி வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றும் வாஷர் கிட் போட்டாலே போதும்.

சத்துவாச்சாரி_செல்வம்:
இதில் மட்டும் நான் உடன்படவே மாட்டேன். உள்சுவரில் துரு இருந்தால் புது வாஷரையும் அது கிழிக்கும். பிரேக்கில் மிச்சம் பிடிக்கும் பணம் யாருக்கு வேண்டும்?

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
உள்சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும்போது நல்ல சிலிண்டரை எதற்குக் குப்பையில் போட வேண்டும்? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் கையில் காசு புரள்வதில்லை. கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தம்பி, துடைக்கும்போது பெட்ரோல், டீசல் எதுவும் படக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். மூங்கில் குச்சி முனையை உள்சுவரில் மெதுவாக இழுத்தால் எங்கேயாவது தட்டுகிறதா என்று சொல்லுங்கள்.

காட்பாடி800:
கழற்றிவிட்டேன் அண்ணா. முதல் வாஷரின் உதடு ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. சுவரின் முன்பாதி பளபளவென்று இருக்கிறது. உள்ளே தள்ளி, அடிப்பக்கமாகப் பழுப்பு நிறத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிறது. குச்சி அங்கே மூன்று இடத்தில் தட்டுகிறது.

ராணிப்பேட்டை_ஸ்பேனர்:
தட்டினால் கிட் வேண்டாம். அசெம்பிளியே வாங்குங்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் பழசு என்றால் அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புது மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன்னே வைஸில் இறுக்கி வைத்துக் காற்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் மாஸ்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, கட்டை வைத்து மிதியுங்கள்.